எங்கள் தொகுதியில் ஏழு லட்சம் வாக்காளர்கள், துறைமுகத்தில் ஒன்றேமுக்கால் லட்சம்: வழக்குப் போட்டால் நிற்குமா?

சென்னையின் தென்புறத்தில், சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதிக்குள் குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் சொல்வதன் சுருக்கம் இது. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய ஏழு லட்சம் வாக்காளர்கள். சென்னை துறைமுகம் தொகுதியில் ஒன்றேமுக்கால் லட்சம்தான். இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ. "அப்படியானால் என் ஓட்டுக்குக் கால் மதிப்புதானா?" என்று கேட்கிறார். தொகுதியைப் பிரிக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிடும்படி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட சங்கம் முடிவு செய்து, வீட்டுக்கு வீடு பணமும் திரட்டத் தொடங்கிவிட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு மறுவரையறையில் (தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் புதிதாக வகுப்பதில்) எம்.பி. இடங்களை இழக்கக் கூடாது என்ற கோரிக்கையையும், தன் சொந்த ஊர் பல ஆண்டுகளாகத் தனித்தொகுதியாகவே இருப்பதை மாற்ற வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்க்கலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், தொகுதி விவகாரத்தில் நீதிமன்றம் தலையிடவே முடியாது என்று சொல்லிவிட்டாராம். இன்னொருவர், 2024இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது, வெற்றி உறுதி என்கிறாராம். அமெரிக்காவில் இருக்கும் மகளோ, அங்கே அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றங்கள் தொகுதிகளைச் சமமாக்கிவிட்டன, இங்கே ஏன் முடியாது என்கிறார்.

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இப்போது ரிட் மனு போடாதீர்கள். திரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உங்கள் தொகுதி ஏன் இப்படி வீங்கியது

சோழிங்கநல்லூர் 2008 மறுவரையறையில் புதிதாக உருவான தொகுதி. அந்த மறுவரையறைக்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அப்போது தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6 கோடியே 24 லட்சம். 234 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். அந்தக் கணக்கை வைத்துத்தான் கோடு போட்டார்கள். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்தன. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் கட்டப்பட்டு, நகரத்தின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. நகரின் நடுவிலிருந்து ஆட்கள் வெளியேற, ஓரத்தில் கூட்டம் சேர்ந்தது. கோடு மட்டும் நகரவில்லை.

நீங்கள் கடிதத்தில் பேசுவது அடுக்குமாடிவாசிகளைப் பற்றி மட்டும்தான். பெரும்பாக்கத்தில் மேல்மாடியில் லிஃப்ட் ஓடாமல் தவிக்கும் குடும்பத்துக்கும் அதே எம்.எல்.ஏ.தான். இந்த ஏற்றத்தாழ்வின் சுமை உங்களைவிட அவர்கள் மேல் அதிகம் விழுகிறது. பின்னால் நீங்கள் எந்த மனு எழுதினாலும் அவர்களையும் சேர்த்து எழுதுங்கள். நியாயமும் அதுதான், மனுவுக்குப் பலமும் அதுதான்.

சட்டம் எதைச் சமம் என்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை விகிதம் "இயன்றவரை" ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டவை இரண்டு. ஒன்று, அளவுகோல் வாக்காளர் எண்ணிக்கை அல்ல, மக்கள்தொகை. குழந்தைகளும் கணக்கில் உண்டு. இரண்டாவதுதான் உங்கள் வழக்கின் முதுகை உடைப்பது: எந்த ஆண்டின் மக்கள்தொகை என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

1976இல் வந்த 42ஆவது திருத்தம், மொத்த இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டியது. 2003இல் வந்த 87ஆவது திருத்தம், மொத்த எண்ணிக்கையைத் தொடாமல், மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் 2001 கணக்கின்படி மாற்றிக்கொள்ள அனுமதித்தது. ஆகவே இன்றைய தேதியில் சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் தொகுதியின் மக்கள்தொகை என்பது 2001இல் அந்தப் பரப்பில் இருந்தவர்கள்தான். ஏழு லட்சம் வாக்காளர்கள் என்று நீங்கள் நீதிமன்றத்தில் காட்டும் பட்டியல் உண்மை. ஆனால் அதை வைத்து 170ஆம் பிரிவு மீறப்பட்டது என்று வாதாட முடியாது.

இது வெறும் என் கருத்து அல்ல. ஆந்திரம், தெலங்கானா சட்டமன்ற இடங்களை உயர்த்த வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 மறுசீரமைப்புச் சட்டத்திலேயே ஆந்திரத்துக்கு 175இலிருந்து 225, தெலங்கானாவுக்கு 119இலிருந்து 153 என்று எழுதியிருந்தது. நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்த எண்கள்! அப்படியும், 170ஆம் பிரிவின் காலவரம்புக்கு அது கட்டுப்பட்டது என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். கையில் சட்டப்பிரிவு வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை.

தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிடச் சொல்வதிலும் பொருள் இல்லை. தமிழ்நாட்டின் தொகுதி எல்லைகளைத் தன் விருப்பத்தில் மாற்றியமைக்க ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. அச்சுப்பிழை திருத்துவது, ஊர்ப் பெயரோ மாவட்டப் பெயரோ மாறினால் அதற்கேற்பப் பதிவைச் சரிசெய்வது போன்ற சின்ன வேலைகள்தான் அதன் கையில். இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது.

அமெரிக்க உதாரணம் ஏன் இங்கே பொருந்தாது

உங்கள் மகள் சொன்னது சரியான வரலாறு. டென்னசி மாநிலத்தில் 1901க்குப் பிறகு சட்டமன்ற இடங்களை மறுபங்கீடு செய்யவே இல்லை. பேக்கர் எதிர் கார் வழக்கில் 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய விஷயம்தான் என்றது. 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கு அலபாமாவிலிருந்து வந்தது. ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பதினைந்தாயிரம் பேரே இருந்த லவுண்ட்ஸ் கவுண்டிக்கும் மாநில செனட்டில் தலா ஒரே இடம். ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம். மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வந்தது.

ஆனால் அடிப்படை வேறுபாட்டைப் பாருங்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை மறுபங்கீடு செய் என்று டென்னசியின் சொந்த அரசமைப்பே சொல்லியிருந்தது, சட்டமன்றம் செய்யவில்லை. மக்கள் மத்திய அரசமைப்பின் சமத்துவ உரிமையைக் காட்டி வழக்குப் போட்டார்கள். இங்கே மறுவரையறையை நிறுத்தி வைத்திருப்பது அரசமைப்பேதான். சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, நிறுத்தி வைக்கும் 170ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. 14ஐக் காட்டி 170ஐத் தாண்ட வேண்டுமானால், அந்தத் திருத்தங்கள், நாடாளுமன்றம்கூடத் திருத்தி மாற்ற முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பையே சிதைக்கின்றன என்று நிரூபிக்க வேண்டும். ஒரு நலச்சங்கம் தூக்கக்கூடிய சுமை அல்ல அது.

"முடியவே முடியாது" என்றவரும், "வெற்றி உறுதி" என்றவரும்

இருவருமே பாதி சரி. முதலாமவர் 329ஆம் பிரிவை மனதில் வைத்துப் பேசுகிறார். தொகுதி மறுவரையறை தொடர்பான சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது அது. உஜ்ஜைன் தொகுதி தனித்தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஊர்க்காரர் தொடர்ந்த மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம், அரசிதழில் வெளியான மறுவரையறை ஆணைக்கும் சட்டத்தின் பலம் உண்டு, ஆகவே அதையும் கேள்வி கேட்க முடியாது என்றது. ஒவ்வொரு வாக்காளரும் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினால் தேர்தலே நடக்காது என்ற கவலைதான் அதற்குக் காரணம். 2002 மறுவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவும் இதையே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாமவர் சொல்வது 2024 ஜூலையில் வந்த தீர்ப்பு. குஜராத்தின் பார்டோலி தொகுதி தனித்தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்த மனுவை, 329ஆம் பிரிவைக் காட்டி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. மறுவரையறை ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும், அரசமைப்பின் விழுமியங்களோடு ஒத்துப்போக முடியாததாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம், தடை முழுமையானது அல்ல என்றது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறேன். ஆனால் பார்டோலி இன்றும் தனித்தொகுதிதான். கதவு திறந்திருக்கிறது என்பதால் உள்ளே போனவர்கள் எல்லாம் வெற்றியோடு வருவார்கள் என்று அர்த்தம் இல்லை. மறுவரையறை ஆணையம் (எல்லைகளை வகுக்கும் தனி அமைப்பு, தேர்தல் ஆணையம் அல்ல) தன் முன் இருந்த விவரத்தைப் புறக்கணித்து, காரணமே இல்லாமல் கோடு போட்டது என்று நீங்கள் காட்ட வேண்டும். 2008இல் போட்ட கோடு 2001 கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பின் நகரம் வளர்ந்தது ஆணையத்தின் தன்னிச்சை ஆகாது.

எதை எதிர்க்கிறோம் என்பதில் தெளிவு இல்லாததாலும் வழக்குகள் விழும். ஜம்மு காஷ்மீர் மறுவரையறையை எதிர்த்த மனு 2023 பிப்ரவரியில் தள்ளுபடியானது. மறுவரையறைக்கு வழி செய்த சட்டப்பிரிவுகளின் செல்லுபடியை மனுவில் முறையாக எதிர்க்காதது அங்கே மனுதாரர்களுக்குப் பெரிய பின்னடைவு.

மூன்று கோரிக்கைகளை ஒரே மனுவில் சேர்க்காதீர்கள்

மாநிலங்களுக்கு இடையே எம்.பி. இடங்களைப் பங்கிடுவது 81, 82ஆம் பிரிவுகளின் விஷயம். 1967இல் நம் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்த வலி நமக்கு உண்டு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2021இல் அதைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. ஆனால் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்குள் எல்லையை மாற்றுவதால் வேறு எந்த மாநிலத்துக்கும் ஒரு இடம்கூடக் கூடவோ குறையவோ போவதில்லை. இரண்டும் வேறு வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. உங்கள் தொகுதியைப் பிரிக்க முடியாமல் தடுப்பது எந்த நிறுத்தமோ, அதே நிறுத்தம்தான் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் இவ்வளவு காலம் காப்பாற்றி வந்திருக்கிறது. இரண்டையும் நீட்டியது அதே 84ஆவது திருத்தம். அது சமத்துவத்துக்கு எதிரானது என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அது தொடர வேண்டும் என்று அடுத்த பத்தியில் கேட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலையே மிச்சம் இருக்காது.

சொந்த ஊர் தனித்தொகுதி விஷயத்தையும் விட்டுவிடுங்கள். தென்காசி மக்களவைத் தொகுதியைப் பொதுத்தொகுதியாக்கக் கேட்ட பொதுநல மனு, நான் மேலே சொன்ன அதே 2021 வழக்கில்தான் தள்ளுபடியானது. உள்ளாட்சியில் இருப்பதுபோல் சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்குச் சுழற்சி முறை சட்டத்தில் இல்லை. பட்டியல் சாதி மக்களின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக இருக்கும் இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக அமைய வேண்டும் என்பதுதான் விதி. அங்கே நிற்கும் வேட்பாளர் யார் என்பதில்தான் வரம்பு. உங்கள் உறவினர்களின் ஓட்டு எதுவும் பறிபோகவில்லை. இதை உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் "எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி நீதிமன்றத்தில் உங்கள் நோக்கத்தையே சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்

2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் விவரங்கள் வெளியாகி, நாடாளுமன்றம் மறுவரையறைச் சட்டம் இயற்றி, மறுவரையறை ஆணையம் அமைந்த பிறகுதான் கோடு நகரும். உங்கள் வேலை இப்போதே தொடங்குகிறது. உங்கள் பகுதியில் ஒரு வீடும் விடுபடாமல் கணக்கெடுப்பு நடப்பதைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். வாடகைக்கு இருப்பவர்கள், மேன்ஷனில் தங்கும் இளைஞர்கள், மறுகுடியமர்வு வீடுகள், கட்டுமானத் தொழிலாளர் கொட்டகைகள், இங்கேதான் ஆட்கள் விடுபடுவார்கள். எண்ணப்படாதவருக்குத் தொகுதிக் கணக்கில் இடம் இல்லை.

அடுத்தது வரைவு வெளியாகும் கட்டம். 2002 சட்டத்தின்படி ஆணையத்துக்கு உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைவர். தேர்தல் ஆணையர் ஒருவரும் மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். மாநிலத்தின் எம்.பி.க்கள் ஐந்து பேர், எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேர் துணை உறுப்பினர்களாக இருப்பார்கள்; அவர்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் மாற்றுக் கருத்தைப் பதியலாம். வரைவை அரசிதழில் போட்டு, ஆட்சேபங்களுக்குத் தேதி குறித்து, பொது அமர்வு நடத்த வேண்டும். அடுத்த சட்டமும் பெரும்பாலும் இதே வடிவில்தான் வரும் என்பது என் எதிர்பார்ப்பு. உண்மையான வாய்ப்பு அந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது. இறுதி ஆணை வெளியான பிறகு 329ஆம் பிரிவின் சுவர் எழும்பிவிடும்.

ஆட்சேபம் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் தொகுதி மிகப் பெரியது, பிரித்துத் தாருங்கள்" என்று ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட மனுவை ஒரே வரியில் நிராகரித்துவிடலாம். மாறாக, இந்த வார்டுகளையும் இந்த ஊராட்சிகளையும் இந்தத் தொகுதியில் சேருங்கள், சேர்த்தால் இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர், மாநிலச் சராசரியிலிருந்து விலகல் இவ்வளவு, பக்கத்துத் தொகுதிக்கு விளைவு இது என்று வரைபடத்தோடு எழுதுங்கள். நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் சௌகரியம் ஆகியவற்றை ஆணையம் பார்க்க வேண்டும் என்று 2002 சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பகுதியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. எந்தப் பாலம் வழியாக யார் எந்த அலுவலகத்துக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், பொது அமர்வில் நேரில் பேசுங்கள். இத்தனை தெளிவான விவரத்தைக் காரணம் சொல்லாமல் ஆணையம் ஒதுக்கினால், 2024 தீர்ப்பு கேட்கும் ஆதாரம் அப்போது உங்கள் கையில் இருக்கும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.

காத்திருக்காமல் கேட்கக்கூடியவையும் உண்டு. 87ஆவது திருத்தம் செய்ததுபோல், மாநிலங்களின் மொத்த இடங்களைத் தொடாமல் உள் எல்லைகளை மட்டும் புதிய கணக்கின்படி சரிசெய்யலாம் என்ற யோசனையை உங்கள் எம்.பி.யிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டின் 39க்கும் பாதகமில்லை, உங்கள் தொகுதிக்கும் வழி பிறக்கும். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான தீர்வு. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி சிறிய தொகுதிக்கும் பெரிய தொகுதிக்கும் ஒரே அளவில் ஒதுக்கப்படுகிறது. மக்கள்தொகைக்கேற்ப அதை மாற்ற அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, மாநில அரசின் முடிவு போதும். வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்கள் என்ற வரம்பைத் தேர்தல் ஆணையம் 2025இல் கொண்டுவந்தது. சாவடிப் பட்டியலின் வரைவு வரும்போது அதைச் சரிபார்த்து ஆட்சேபம் கொடுங்கள்.

மாநகராட்சி வார்டு எல்லைகளில் இதே கோளாறு இருந்தால் அங்கே நீதிமன்றத்துக்குச் சற்றுக் கூடுதல் இடம் உண்டு. 2019 டிசம்பரில், புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு மறுவரையறையை முடிக்காமல் உள்ளாட்சித் தேர்தல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செங்கல்பட்டு உட்பட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் தள்ளிப்போனது அதனால்தான்.

இப்போதே மனு போட்டால் ஆகும் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் போவது மட்டுமல்ல. தள்ளுபடி உத்தரவு ஒன்று உங்கள் சங்கத்தின் பெயரில் பதிவாகும். பின்னால் நல்ல ஆதாரத்தோடு நீங்கள் வரும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். திரட்டிய பணத்தை வரைபடம் தயாரிக்கவும், கணக்கெடுப்பு விழிப்புணர்வுக்கும் ஒதுக்குவதாகப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, சம்மதம் இல்லாதவர்களுக்கு மட்டும் அவரவர் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரைவு அரசிதழில் வந்ததும், ஆட்சேபம் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன்பாக, வார்டு வாரியான மக்கள்தொகைப் பட்டியலையும் நீங்கள் முன்வைக்கும் எல்லையையும் எடுத்துக்கொண்டு அரசமைப்பு வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.